நூறு வருடப் படத்தில் நிறம்: பதிந்ததா, பூசியதா?

கேள்வி: '1910-இல் எடுத்தது' என்று சொல்லி வண்ணப் படங்களும் வீடியோக்களும் கைபேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவை நிஜமா, கணினி வேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. செயலியில் போட்டு நிறம் ஏற்றினால் அவர் போட்டிருந்த சட்டையின் அசல் நிறம் தெரியுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சத்தின் அளவுதான் பதிவாகியிருக்கிறது, நிறம் இல்லை. அந்த அளவும் பழைய படங்களில் கொஞ்சம் கோணல்தான். அந்தக் காலத்தில் படம் பதிந்த கண்ணாடித் தகடுகள் பலவற்றுக்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, நீலம் அதிகமாகத் தெரியும். அதனால் சிவப்புத் துணி கறுப்பாகவும், நீல வானம் வெறும் வெள்ளையாகவும் விழும். செயலி அந்தக் கறுப்பைப் பார்த்துக் கருநீலமோ பழுப்போ பூசிவிடும். அது ஊகம்தான்.

ஆனால் 1910-இல் நிஜமான வண்ணப் படமே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். உண்டு, அதுவும் ஆயிரக்கணக்கில்.

ரஷ்யாவில் செர்கேய் புரொக்கூதின்-கோர்ஸ்கி என்பவர் 1909 முதல் 1915 வரை பேரரசு முழுக்கச் சுற்றிப் படமெடுத்தார். இருட்டறையாக மாற்றிய ரயில் பெட்டி ஒன்றை ஜார் மன்னர் அவருக்குக் கொடுத்திருந்தார். அவர் முறை எளிமையானது. ஒரே காட்சியை நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் (அந்தந்த நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடிகள்) வழியாக அடுத்தடுத்து மூன்று முறை எடுப்பார். மூன்றும் கறுப்பு வெள்ளைதான். அவற்றை அதே நிற விளக்குகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்தால் வண்ணம் வந்துவிடும். அந்தக் கண்ணாடித் தகடுகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1948-இல் வாங்கியது. இன்று நாம் பார்க்கும் படங்களில் மூன்றையும் சேர்த்தது கணினிதான். ஆனால் நிறம் கணினி கொடுத்ததல்ல, வடிகட்டி வழியாகத் தகட்டில் விழுந்தது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு முறை ஆட்டோகுரோம். பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளை ஆரஞ்சு, பச்சை, ஊதா என மூன்று சாயங்களில் தோய்த்து, கலந்து, கண்ணாடியில் பரப்பினார்கள். ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி வடிகட்டி. நல்ல வெயிலிலும் ஒரு நொடி, இரண்டு நொடி அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. அல்பேர் கான் என்ற வங்கியாளர் பல நாடுகளுக்கும் ஆட்களை அனுப்பி இப்படிச் சேர்த்தவை மட்டும் சுமார் 72,000.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் தேடுவது குறையைத்தான். மூன்று முறை எடுத்த படத்தில் அசைந்த எதுவும் காட்டிக்கொடுத்துவிடும்: ஓடும் தண்ணீர், இலை, தலையைத் திருப்பிய குழந்தை. அந்த இடங்களில் சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். ஆட்டோகுரோமைப் பெரிதாக்கினால் வெள்ளைச் சட்டைக்குள்கூட வண்ணப் புள்ளிகள் தெரியும். ஆனால் கைபேசிக்கு வரும் சுருக்கப்பட்ட படத்தில் புள்ளிகள் அழிந்துபோயிருக்கும். அருங்காட்சியகத் தளத்தில் அதே படம் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

கணினி பூசியதன் குறைகள் வேறு மாதிரி. எல்லோருக்கும் ஒரே தோல் நிறம். முகத்துக்கு நிறம் வந்திருக்கும், விரல் நுனி சாம்பலாகவே விட்டுப்போயிருக்கும். ஒருவர் சட்டையின் நிறம் பக்கத்தில் நிற்பவர் கைமேல் வழிந்திருக்கும். வீடியோ என்றால் உடையின் நிறம் நடக்க நடக்க மாறும்.

அசல் வண்ணச் சலனப்படமும் அப்போதே இருந்தது. 1911 டெல்லி தர்பாரைக் கினிமாகலர் முறையில் எடுத்தார்கள். சிவப்பு, பச்சை இரண்டே வடிகட்டிகள் என்பதால் நீலம் சரியாக வராது. வேகமாக அசைவதன் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் கசியும். அப்புறம், ஊமைப்படக் காலத்தில் இரவுக் காட்சிக்கு நீலம், தீக்குச் சிவப்பு என்று பிலிம் முழுக்கச் சாயம் ஏற்றுவதும் வழக்கம். அதுவும் பதிந்த நிறம் அல்ல.

இனி கொள்ளுத்தாத்தா. கன்னத்திலும் நகையிலும் மட்டும் நிறம் இருந்தால் ஸ்டுடியோவில் கையால் தீட்டியிருப்பார்கள். பூதக்கண்ணாடியில் தூரிகைத் தடம் தெரியும். அதைத் துடைக்க முயல வேண்டாம். படத்தை உள்ளபடியே ஸ்கேன் செய்து தனியாக வையுங்கள். நிறம் ஏற்ற ஆசையிருந்தால் பிரதியில் ஏற்றி, ஓரத்திலேயே 'நிறம் பின்னால் சேர்த்தது' என்று எழுதிவிடுங்கள். கோப்புப் பெயரில் மட்டும் எழுதினால் இரண்டு முறை பகிர்ந்ததும் காணாமல் போய்விடும். அதற்கு முன், அவரை நேரில் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் சட்டை நிறத்தைக் கேளுங்கள். செயலியைவிட அவர்கள் நினைவைத்தான் நான் நம்புவேன்.

அதே பெட்டியில் 1970-களின் வண்ணப் பிரிண்டுகள் சிவந்துபோய்க் கிடந்தால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அவற்றில் இருப்பது நிஜமாகப் பதிந்த நிறம். மூன்று சாயங்களில் ஒன்று மற்றவற்றைவிட வேகமாக வெளிறியதால்தான் அப்படித் தெரிகிறது. முழுதாக வெளிறாதவரை கணினியில் ஓரளவு மீட்டுவிடலாம்.