வாசகர் கேள்வி: லாக்ஸ்டன்ல வரப்பைத் தாண்டி உழுதா ஃபைன்!

(ஆன்சைட்ல இருக்கற பசங்களப் பார்க்க லண்டன் பக்கம் போயிட்டு வந்த பெங்களூர் வாசகர்கள் கொஞ்ச நாளா இங்கிலாந்து கிராமத்தப் பத்தியே கேட்டு எழுதறாங்க. அதனால இந்த இதழ் முழுக்க அதுதான்.)

கேள்வி: சார், பையன் நாட்டிங்ஹாம்ல இருக்கான், ஒரு கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனான். ஒரு சர்ச், ஒரு பப், கொஞ்சம் வீடு, தெருவுல ஈ காக்கா இல்ல. இதுல ஊர் வாழ்க்கைன்னு என்னதான் இருக்கும்? - ஒரு வாசகி, அல்சூர்

தெருவுல தேடினா கிடைக்காதும்மா, குளிருக்கு எல்லாம் கதவுக்கு உள்ளதான் நடக்குது. பப்புன்னா நம்மூர் பார் மாதிரி நினைச்சுடாதீங்க, கிழவர்லேர்ந்து குழந்தை வரைக்கும் வந்து சாப்பிடற இடம், ஊர் வம்பு மொத்தமும் அங்கதான். அப்புறம் வில்லேஜ் ஹால், சர்ச் மணி அடிக்கப் பழகற குழு, கோடைல கிரிக்கெட். 1894ல ஒரு சட்டம் போட்டு பாரிஷ் கவுன்சில்னு (நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி) கொண்டு வந்தாங்க, அதுக்கு முன்னாடி ரோடு போடறது ஏழைங்களுக்கு உதவறதுன்னு எல்லாத்தையும் சர்ச்சை ஒட்டின ஒரு கூட்டம்தான் பார்த்துக்கிட்டு இருந்துது. 1538லேர்ந்து ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூணையும் அந்தந்த சர்ச்ல எழுதி வைக்கணும்னு உத்தரவு, அதனாலதான் அங்க சாதாரண விவசாயி கூட பத்துத் தலைமுறைக்கு முன்னாடி தாத்தா பேரைத் தேடி எடுத்துடறாரு.

பையன் நாட்டிங்ஹாம்னா அடுத்த தடவை லாக்ஸ்டன் போகச் சொல்லுங்க, அதே கவுன்ட்டிதான்.

கேள்வி: லாக்ஸ்டன்ல அப்படி என்ன விசேஷம்? போன இதழ்ல பேரை மட்டும் போட்டு விட்டுட்டீங்களே! - ஒரு வாசகர், ஜாலஹள்ளி

ஒரு காலத்துல இங்கிலாந்துல பாதி ஊர்ல விவசாயம் எப்படி நடந்துச்சோ அந்த முறை இன்னும் உயிரோட இருக்கற ஊர் அது. வேலி இல்லாத மூணு பெரிய வயல்: வெஸ்ட் ஃபீல்ட், மில் ஃபீல்ட், சவுத் ஃபீல்ட். ஒவ்வொரு விவசாயிக்கும் மூணுலயும் அங்கங்க நீள நீளத் துண்டா நிலம், ஒரே இடத்துல மொத்தமா கிடையாது, ஏன்னா நல்ல மண்ணு ஒருத்தனுக்கே போயிடக் கூடாது. ஒரு வருஷம் ஒரு வயல்ல குளிர்கால கோதுமை, இன்னொண்ணுல வசந்தத்துல விதைக்கற பயிர், மூணாவது சும்மா கிடக்கும் (இப்ப புல்லு வளர்க்கறாங்க), அடுத்த வருஷம் மாறும். 1635ல மார்க் பியர்ஸ்ங்கற சர்வேயர் இந்த ஊரை துண்டு துண்டா அளந்து வரைஞ்ச மேப் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரில இருக்கு, உழுறவன் மாடு எல்லாம் குட்டி குட்டியா வரைஞ்சிருப்பாரு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது கோர்ட் லீட்தான், அதாவது ஊர் வயல் விவகாரத்தைப் பார்த்துக்கற பழைய காலத்து ஊர் நீதிமன்றம். நவம்பர் கடைசி டிசம்பர் தொடக்கம் வாக்குல குத்தகை விவசாயிங்கள்லேர்ந்து எடுத்த ஜூரி, கோதுமை விதைச்ச வயலைச் சுத்தி நடந்து பார்ப்பாங்க, எவனாவது பக்கத்துத் துண்டுக்குள்ள ஒரு சால் தள்ளி உழுதிருக்கானா, பொதுப் பாதையைக் கொஞ்சம் தின்னுருக்கானா, வாய்க்காலைச் சுத்தம் பண்ணாம விட்டுட்டானான்னு பார்த்து, எல்லைல குச்சி நட்டு, அப்புறம் டவ்காட் இன்னுங்கற பப்ல சாப்பாடு. ஒரு வாரம் கழிச்சு அதே பப்ல கோர்ட் கூடும், ஃபைன் போடுவாங்க. தொகை கம்மிதான், ஆனா ஊர்க்காரங்க முன்னாடி பேரைப் படிக்கறதுதான் வலி! நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஏஜிஎம்ல பார்க்கிங் சண்டை வருமே, அதையே சட்ட அதிகாரத்தோட நடத்தினா இதுதான். ஆமா நிஜமாவே சட்டம்தான், 1977ல இங்கிலாந்துல இந்த மாதிரி பழைய கோர்ட் அதிகாரத்தையெல்லாம் எடுத்தப்ப, வயலை நிர்வாகம் பண்ற வேலையை லாக்ஸ்டன் கோர்ட்டுக்கு மட்டும் விட்டு வெச்சாங்க.

கேள்வி: மத்த ஊர்ல எல்லாம் இந்த வயல் எங்க போச்சு? - அதே ஜாலஹள்ளி வாசகர், ரெண்டாவது லெட்டர்

வேலி போட்டுட்டாங்க. 1604லேர்ந்து 1914 வரைக்கும் பார்லிமென்ட் 5,200க்கு மேல என்க்ளோஷர் (பொது வயலைத் தனித்தனியா வேலி போட்டுப் பிரிக்கற) சட்டம் போட்டு 68 லட்சம் ஏக்கரை மாத்துச்சு, அது இங்கிலாந்துல அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல. விளைச்சல் கூடுச்சுன்னு ஒரு கட்சி, ஆனா பொது நிலத்துல ஒரு பசு மேய்ச்சு விறகு பொறுக்கி வாழ்ந்தவன் கூலியாளா போயிட்டான், அதையும் சேர்த்துத்தான் கணக்கு போடணும்னு நான் நினைக்கறேன். சுத்தி இருக்கற கோமாளா (ஊர்ப் பொது மேய்ச்சல்) நிலமெல்லாம் லேஅவுட் ஆனதைப் பார்த்த பெங்களூர்க்காரங்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டாம். லாக்ஸ்டனும் பாதி வேலிக்குள்ள போனதுதான், மூணு வயல்ல மிச்சம் இருக்கறதுதான் இப்ப இருக்கறது. 1952ல விவசாய அமைச்சகம் வாங்குச்சு, 1981ல க்ரவுன் எஸ்டேட்டுக்கு (அரச சொத்தை நிர்வாகம் பண்ற அமைப்பு) போச்சு, 2020ல பழைய ஜமீன் குடும்பத்தோட தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கிடுச்சு.

கேள்வி: இது நம்ம உத்திரமேரூர் குடவோலை மாதிரிதானே? - ஒரு வாசகர், ராமமூர்த்தி நகர்

கொஞ்சம்தான். உத்திரமேரூர்ல (919, 921 கல்வெட்டு) யாரு வாரியத்துக்கு வரலாம் வரக் கூடாதுன்னு விதி போட்டு சீட்டு குலுக்கினாங்க, லாக்ஸ்டன்ல சீட்டு கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் நிலத்தைப் பங்கு போட்டுக்கற கரையீடுன்னு இருந்த முறை இன்னும் கிட்ட வரும், ஆனா அதுல குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை பங்கை மாத்தி எடுத்துப்பாங்க, லாக்ஸ்டன்ல பயிருதான் மாறும், துண்டு மாறாது.

கேள்வி: எல்லாம் ஆம்பளைங்க கதையாவே இருக்கே? - ஒரு வாசகி, ஃப்ரேசர் டவுன்

நியாயமான கேள்விதான். கிராமத்துப் பொண்ணுங்களுக்குன்னு ஒரு அமைப்பா வந்தது விமன்ஸ் இன்ஸ்டிட்யூட். 1897ல கனடால ஆரம்பிச்சு, 1915ல வேல்ஸ்ல ஒரு கிராமத்துல முதல் கிளை, அங்கேர்ந்து இங்கிலாந்து. ரெண்டாவது உலகப் போர்ல பழம் வீணாகக் கூடாதுன்னு அரசாங்கம் கொடுத்த சர்க்கரைல ஊர் ஊரா ஜாம் போட்டாங்க, அதனால ஜாம் மாமிங்கன்னு ஒரு கிண்டல் ஒட்டிக்கிச்சு, ஆனா குடிதண்ணிக் குழாய் வேணும், சம சம்பளம் வேணும்னு தீர்மானம் போட்டதும் இவங்கதான்.

கேள்வி: நம்ம வைட்ஃபீல்டும் இங்கிலீஷ் கிராமம்னு சொல்றாங்களே? - ஒரு வாசகர், மாரத்தஹள்ளி

1882ல மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் கொடுத்த நிலத்துல ஆங்கிலோ-இந்தியன்ஸுக்காக பிளான் பண்ணின விவசாயக் குடியிருப்பு சார் அது, ஒயிட்டுங்கறவர் முன்னாடி நின்னதால அந்தப் பேரு. இன்னர் சர்க்கிள்ல பழைய ஓட்டு வீடு ஒண்ணு ரெண்டு தேறும், போய்ப் பாருங்க, ஆனா மாரத்தஹள்ளிலேர்ந்து ஆஃபீஸ் டைம்ல மட்டும் கிளம்பிடாதீங்க.