காபியை விட்ட மூன்றாம் நாள் தலைவலி: கழிவு வெளியேறுவதா?

இல்லைங்க, கழிவு வெளியேறுவதாகத் தெரியவில்லை. ஏற்காட்டுத் தோட்டத்துக் காபி நாளுக்கு நாலு டம்ளர் குடித்தவர், இயற்கை மருத்துவம் என்று பழச்சாற்றுக்கு மாறிய அன்றே அதை ஒரேயடியாக விட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் நெற்றி கனக்கத் தொடங்கும். ஒன்பது நாள் வரைகூட இழுக்கும்.

சரிபார்க்க அரை டம்ளர் குடியுங்கள். ஒரு மணி நேரத்தில் வலி இறங்கினால், காபியை விட்டதுதான் காரணமாக இருக்கும். அப்புறம் பழைய நாலு டம்ளரிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள். உடம்பைப் பதமாகப் பழக்குவதுதான் இயற்கை மருத்துவம்.

சர்க்கரை மாத்திரை போடுபவரா? வெறும் சாற்றில் இருக்காதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வியர்த்துக் கை நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர், பிறகு மருத்துவர். சேலத்தில் யாரிடம் போனாலும், ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) படித்தவரா என்று கேளுங்கள்.