ப்ரோபா-1 படங்கள் ஐந்தும் ஏன் வேறுவேறாக இருக்கின்றன?

ஒரே வயலின் ஐந்து படங்களும் வெவ்வேறு வெளிச்சத்தில் இருக்கின்றன, கோப்பு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை, கவலை வேண்டாம். ப்ரோபா-1 சுமார் 94 கிலோ எடையுள்ள சின்னச் செயற்கைக்கோள், 2001-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போனது, தன் உடலையே சாய்த்துச் சாய்த்து, கடந்துபோகும் சில நிமிடங்களுக்குள் அதே இடத்தை ஏறக்குறைய நேர்மேலிருந்தும், முன்னும் பின்னும் 36, 55 பாகைச் சாய்விலும் ஐந்து முறை படம் எடுத்தது. சாய்வு மாறினால் பயிர் வரிசைகளுக்கு நடுவே தெரிகிற மண்ணும் இலை நிழலும் மாறும், அந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள், அதிலுள்ள கிறிஸ் என்ற படக்கருவியின் அருமையே அதுதான். சரி, இப்போதைக்கு நேர்மேல் படத்தை மட்டும் வைத்துத் தாவரக் குறியீட்டை, அதாவது பயிரின் பசுமையைக் காட்டும் எண்ணை, கணக்கிடுங்கள். அப்புறம், படத்தில் செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் அவற்றை முதலில் நீக்கிவிடுங்கள்; அது கருவியின் இரைச்சல், வயலில் இருப்பதல்ல.