லினக்ஸ் ஹோம் தியேட்டருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு? கேள்வி பதில்

கே: இன்டெல் 8-ஆம் தலைமுறைக் கணினியில் லினக்ஸ் போட்டு 4கே டிவியுடன் இணைக்கப் போகிறேன். எந்த கார்டு வாங்கலாம் சார்?

ப: எதுவும் வாங்காதீர்கள். படம் பார்க்க கேம் ஆடும் சக்தி வேண்டாம், சுருக்கிய வீடியோவை விரிக்கும் சரியான டீகோடர் சிப்பில் இருந்தால் போதும். இன்டெலில் 7-ஆம் தலைமுறை முதலே 10-பிட் எச்இவிசி, விபி9 என்ற வீடியோ சுருக்க முறைகளை ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸே பார்த்துக்கொள்ளும். இன்னும் புதிய முறையான ஏவி1-க்கு 11-ஆம் தலைமுறை வேண்டும். டெர்மினலில் 'விஏஇன்ஃபோ' (vainfo) என்ற கட்டளையை ஓட்டுங்கள். 'எச்இவிசி மெயின்10' வரிக்கு எதிரே 'விஎல்டி' (VLD) இருந்தால் டீகோடர் தயார். அப்புறம் மதர்போர்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் ஒரு ஆக்டிவ் அடாப்டர் போதும், அதற்காக கார்டு தேவையில்லை.

கே: ஃபேன் இல்லாத என்விடியா ஜிடி 710?

ப: வேண்டாம். எச்இவிசி டீகோடரே கிடையாது.

கே: அப்படியானால் ஜிடி 1030?

ப: எச்இவிசி ஓடும், ஏவி1 ஓடாது. இதில் இருக்கும் பாஸ்கல் தலைமுறைச் சிப்களுக்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவரே கடைசி. புதிதாக வாங்க வேண்டாம்.

கே: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 சின்னப் பெட்டிக்குள் அடங்கும். ஏவி1 வருமா?

ப: வராது. 6000 வரிசையின் பெரிய கார்டுகளில் உண்டு, 6400-லும் 6500 எக்ஸ்டியிலும் வெட்டிவிட்டார்கள். வரிசை எண்ணை நம்பி வாங்கினால் இப்படித்தான். ஏவி1 வேண்டுமென்றால் இன்டெலின் ஆர்க் ஏ310 பாருங்கள்.

கே: படம் அவ்வப்போது லேசாகத் திக்குகிறது. கார்டுக்குச் சக்தி போதவில்லையா?

ப: நல்ல கேள்வி. சக்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திரைப்படக் கோப்புகள் பெரும்பாலும் நொடிக்கு 23.976 ஃப்ரேம். டிவி சரியாக 24 ஹெர்ட்ஸில் ஓடினால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் இரட்டிக்கும். 60 ஹெர்ட்ஸ் இன்னும் மோசம்: ஒரு ஃப்ரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வரும். கேமரா மெல்ல நகரும் காட்சியில், பின்னால் இருக்கும் கம்பங்கள் தடுக்கித் தடுக்கிப் போவதைக் கவனியுங்கள். கோடி (Kodi) என்ற மீடியா பிளேயரில், படத்துக்கேற்ப ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் அமைப்பை இயக்குங்கள். 23.976-ம் 24-ம் டிவிக்கு வேறு வேறு மோடுகள் என்பதை மறக்க வேண்டாம்.

கே: ஏஎம்டியைப் பரிந்துரைக்கிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். லினக்ஸில் அதற்கு எச்டிஎம்ஐ 2.1 கிடையாது!

ப: யாரும் மறைக்கவில்லை. திறந்த மூல டிரைவரில் அதைச் சேர்க்க ஏஎம்டி கேட்டதை அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் மறுத்த விஷயம் 2024-லேயே வெளியே வந்துவிட்டது. ஆனால் 4கே 24 ஹெர்ட்ஸ், 10-பிட் ஆர்ஜிபி (முழு நிற) படத்துக்கு 371 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் வேகம் போதும், எச்டிஎம்ஐ 2.0-வின் வரம்போ 600. படம் பார்க்க 2.1 எதற்கு?

கே: 60 ஹெர்ட்ஸ் வீடியோ? 120 ஹெர்ட்ஸ் கேம்? அதை ஏன் சொல்லவில்லை?

ப: சரி, சொல்கிறேன். 4கே 60-இல் 10-பிட் ஆர்ஜிபிக்கு 742 வேண்டும், 2.0-வில் அடங்காது. நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும் 4:2:0-வுக்கு இறக்கினால் அடங்கும், சோபாவிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. டெஸ்க்டாப் எழுத்து மட்டும் மங்கும். 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடுவது வேறு கணினி, வேறு கேள்வி.

கே: எச்டிஆர் (வெளிச்சமும் இருளும் விரிந்த படம்) வர எந்த கார்டு?

ப: கார்டை விடுங்கள், கோடி எதன் மேல் ஓடுகிறது? லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இல் எச்டிஆர் வராது. டெஸ்க்டாப் இல்லாமல் நேராகத் திரைக்கு அனுப்பும் ஜிபிஎம்மில் இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் வரும். கோடிக்காகவே செய்த லினக்ஸான லிப்ரஎலெக் நேராக அதில்தான் ஓடுகிறது.

கே: ஃபெடோரா லினக்ஸில் ஏஎம்டி ரேடியான் கார்டு. சாதாரண எச்.264 வீடியோ கூட ப்ராசஸரைத் தின்கிறது. கார்டை மாற்றவா?

ப: மாற்றாதீர்கள்! காப்புரிமைச் சிக்கலால் ஃபெடோரா அந்த டீகோடர்களை மேசா என்ற திறந்த மூல டிரைவர் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தின் 'ஃப்ரீவேர்ல்ட்' டிரைவரைப் போடுங்கள். விஏஇன்ஃபோவை முதலில் ஓட்டியிருந்தால் இது தெரிந்திருக்கும்.

கே: 4கே படத்துக்கு எந்த கார்டு நல்லது?

ப: மேலே படியுங்கள்.

கே: ஓடிடி 4கே-இல் வர என்ன கார்டு?

ப: எந்த கார்டும் உதவாது. லினக்ஸ் பிரவுசரில் வைட்வைன் என்ற நகல் பாதுகாப்பின் கீழ்மட்டமான எல்3 மட்டுமே. 4கே ஓடிடிக்கு டிவியின் சொந்த ஆப்.

கே: டிவி ரிமோட்டிலேயே இயக்க முடியுமா?

ப: கிராஃபிக்ஸ் கார்டுகளின் எச்டிஎம்ஐயில் ரிமோட் கட்டளையைக் கடத்தும் சிஇசி பொதுவாக இணைத்திருப்பதில்லை. பல்ஸ்-எய்ட் யூஎஸ்பி அடாப்டரை நடுவில் செருகினால் கோடி அதைத் தானே கண்டுகொள்ளும்.