18 அங்குல வீல் போட்டால் காரையும் இறக்க வேண்டுமா?

16 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 18 போடலாமா, காரையும் இறக்க, அதாவது அதன் உயரத்தைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் காசைப் போட வேண்டியது டயரில். சாலையைத் தொடுவது அதுதானே. வீல் பெரிதானாலும் டயரோடு சேர்ந்த விட்டம் அதிகம் மாறக் கூடாது. 16 அங்குல வீலுக்கான 205/55 ஆர்16 அளவு டயரின் விட்டம் சுமார் 632 மி.மீ., 18-க்கான 225/40 ஆர்18 டயருக்கு சுமார் 637. ஸ்பீடோமீட்டர் பெரிதாகத் தப்பாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 113-லிருந்து 90 மி.மீ. ஆகிவிடும், வேகமாகக் குழியில் இறங்கினால் ரிம் வளையலாம். ஆஃப்செட், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவைப் பார்க்காமல் வாங்கினால், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உரசும் சத்தம் கேட்கும்.

இறக்குவது கட்டாயமில்லை. இறக்கியே தீருவேன் என்றால், சரி, ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். குட்டை ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் சேர்த்தே போடுங்கள், அப்புறம் வீல்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட். என்னைக் கேட்டால், எடை குறைந்த 17 போதும்.