பிராண்டு மேலாளர் ஆக எந்த எம்.பி.ஏ. படிக்கலாம்?

கேள்வி: பி.காம். முடித்து, சேலம் லீ பஜாரில் மசாலா, எண்ணெய் விநியோகஸ்தர் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிராண்டு மேலாளர் ஆக வேண்டும் என்பது என் விருப்பம். பெங்களூரில் ‘பிராண்டு மேனேஜ்மென்ட் எம்.பி.ஏ.’ இடம் வாங்கித் தருவதாகவும், நூறு சதவீதம் வேலை உறுதி என்றும் ஒரு கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார். மொத்தக் கட்டணம் 11 லட்சம் ரூபாய். முன்பணமாக 50,000 ரூபாயும் அசல் மதிப்பெண் சான்றிதழ்களும் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: இரண்டையும் கொடுக்க வேண்டாம். கல்லூரியே கூட மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் இந்தப் பாதுகாப்பு கல்லூரியின் கணக்கில் ரசீதுடன் கட்டிய பணத்துக்கு மட்டுமே உண்டு. தரகர் கையில் கொடுத்த பணத்துக்கு அது பொருந்தாது. ஓட்டல் அரங்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ‘இலவச ஆலோசனை’ நடத்துபவர்களுக்குக் கூலி கொடுப்பது நீங்கள் கட்டப்போகும் கட்டணம்தான். இடத்தை நிரப்பவே தரகரை நாடும் கல்லூரியைத் தேடி, பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் ஆள் எடுக்க வருவதில்லை.

பட்டத்தின் பெயரில் ‘பிராண்டு’ இருப்பதால் ஒரு பயனும் இல்லை. இந்த வேலையே கல்லூரியில் பிறந்ததன்று. 1931இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்து வந்த நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிய குறிப்பிலிருந்து அது வளர்ந்தது. இன்றும் நிறுவனங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த சில கல்லூரிகளில் பயிற்சி நிலை அலுவலர்களை (மேனேஜ்மென்ட் டிரெய்னி) எடுத்து, முதலில் விற்பனைப் பிரிவில் ஊர் ஊராக அனுப்பி, பிறகே பிராண்டைக் கையில் கொடுக்கின்றன. எந்தக் கடைக்காரர் எந்தப் பொட்டலத்தை முன்வரிசையில் வைக்கிறார், ஏன் வைக்கிறார் என்பதை லீ பஜாரில் இரண்டு ஆண்டுகள் பார்த்திருக்கிறீர்கள். நேர்முகத் தேர்வில் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆகவே கல்லூரியிடம் கேட்க வேண்டியது, சென்ற ஆண்டு முதலாண்டு மாணவர்களைக் கோடைக்காலப் பயிற்சிக்கு எந்தெந்த நிறுவனங்கள் எடுத்தன, அவர்களில் எத்தனை பேருக்கு மார்க்கெட்டிங் பணி கிடைத்தது என்பதாகும். அந்தப் பயிற்சியே பலருக்கு வேலையாக மாறுகிறது. ‘அதிகபட்சச் சம்பளம்’ ஒரே ஒருவர் வாங்கியது. பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் இடைநிலைச் சம்பளத்தைக் கேளுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைத் தளத்தில் அது கல்லூரிவாரியாகக் கிடைக்கும். அதுவும் கல்லூரிகளே தரும் கணக்கு. கட்டடத்தையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் அளந்து அங்கீகாரம் கொடுக்கத் தெரிந்த அமைப்புகள், காப்பீட்டுப் பாலிசி விற்கப் போனவரையும் ‘பிராண்டு எக்சிகியூட்டிவ்’ என்று எழுதிக்கொள்ளும் பட்டியல்களைச் சரிபார்க்க ஏன் அக்கறை காட்டவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். அதனால் கல்லூரி காட்டும் ஆளை விட்டு, நீங்களே தேடிப் பிடித்த இரண்டு பழைய மாணவர்களிடம் பேசுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சரக்கு இருந்தால், அதாவது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையோ, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையோ, ஏற்காட்டில் காப்பித் தோட்டமோ இருந்து அதற்குப் பெயர் ஏற்படுத்துவதே நோக்கமானால், நிறுவனங்கள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கும் வளாகத் தேர்வைப் பற்றிக் கவலையே வேண்டாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி உள்ளூரிலேயே குறைந்த செலவில் படித்து, மிச்சமாகும் பணத்தைப் பொட்டல வடிவமைப்புக்கும் வணிகக் குறிப் பதிவுக்கும் செலவிடலாம். சொந்தச் சரக்கு என்றால் விலையையும் பொட்டலத்தையும் தீர்மானிக்கும் உரிமை வீட்டில் இருக்க வேண்டும். வேறொருவரின் பிராண்டுக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறையோ, மாமாவின் ஏஜென்சியோ இதில் சேராது.

உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. எனவே வேலையை விடாமல், எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுகளான, நவம்பர் இறுதியில் நடக்கும் கேட் தேர்வுக்கும், ஜனவரியில் வரும் எக்ஸாட் தேர்வுக்கும், மார்க்கெட்டிங்குக்குப் பெயர்பெற்ற அகமதாபாத் மைக்கா கல்லூரியின் தனித் தேர்வுக்கும் படியுங்கள். கேட் விண்ணப்பம் ஆகஸ்டு வாக்கில் திறக்கும்.