மேஸ்திரியைக் கேளுங்கள்: வெட்ட மறுக்கும் வைர பிளேடு

கேள்வி: ஐயா, புதிதாக ஒரு வைர பிளேடு வாங்கினேன். சுவர் டைல்ஸை வெண்ணெய் மாதிரி வெட்டியது. தரைக்கு வாங்கிய போர்சலின் டைல்ஸில் நாலு வெட்டு போட்டதும் நின்றுவிட்டது. அழுத்தினால் தீப்பொறிதான் வருகிறது. போலியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு ஆறியதும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தால் கோளாறு வேறெங்கோ. கண்ணாடி போல வழவழவென்று இருந்தால், வைரம் உள்ளேயே மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம். உங்கள் பிளேடு இந்த இரண்டாவது ரகம் என்றுதான் நினைக்கிறேன்.

பிளேடு என்று பெயர்தானே தவிர, இது கத்தி மாதிரி அறுப்பதில்லை, தேய்க்கிறது. உலோகத் தூளோடு வைரத் தூளைக் கலந்து, சூடாக்கி அழுத்தி, விளிம்பாகச் செய்திருக்கிறார்கள். வெளியே துருத்தி நிற்கும் வைர மணிகள் டைல்ஸைச் சுரண்டும். சுரண்டிய தூள், மணிகளைப் பிடித்திருக்கும் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். மழுங்கிய மணி உதிரும், அடியில் இருக்கும் புது மணி தலைகாட்டும். இது நடந்துகொண்டே இருந்தால்தான் வெட்டும்.

சுவர் டைல்ஸ் இளக்கமானது, உள்ளே நுண்துளைகள் நிறைய. அதை வெட்டும்போது உலோகம் தானாகத் தேய்ந்து கொடுக்கும். போர்சலின் அப்படியில்லை. அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காத அளவுக்கு இறுக்கமாகச் சுட்டது. அதன் தூள் மாவு போல நைசாக வரும், உலோகத்தை அரிக்காது. வைரம் மட்டும் மழுங்கிப்போக, உலோகம் அப்படியே நிற்கும். ஆகவே கெட்டியான டைல்ஸுக்கு இளக்கமான உலோகம் வைத்த பிளேடு வேண்டும்.

தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தொழில் பழகிய நாட்களில், கெட்டி டைல்ஸுக்குக் கெட்டியான பிளேடு என்று கேட்டு வாங்கி, இரண்டே நாளில் மூன்றைக் குப்பையில் போட்டேன். என் மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. மூன்றையும் பொறுக்கி எடுத்தார். கீழே கிடந்த ஒரு சிமெண்ட் கல்லில் ஒவ்வொன்றாலும் ஐந்தாறு கோடு இழுத்துவிட்டு, என் கையில் திருப்பிக் கொடுத்தார். மூன்றும் வெட்டின. அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

நீங்களும் அதையே செய்யுங்கள். மணல் சேர்ந்த சிமெண்ட் கல், இல்லாவிட்டால் சொரசொரப்பான செங்கல் போதும். இதற்கென்றே விற்கும் சாணைக்கல் கிடைத்தால் இன்னும் நல்லது. அழுத்தாமல், இரண்டு மூன்று மி.மீ. ஆழத்துக்கு ஐந்தாறு கோடு. அம்மி கொத்துகிற வேலைதான் இது. ஆனால் நாலு வெட்டுக்கு ஒருமுறை கொத்த வேண்டியிருந்தால், அந்தப் பிளேடைச் சுவர் டைல்ஸுக்கு ஒதுக்கிவிட்டு, உறையில் போர்சலின் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எல்லா வேலைக்கும் ஏற்றது என்று எழுதியதை நான் தொடுவதில்லை.

கேள்வி: வெட்டிய ஓரமெல்லாம் பொரிந்து, வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. எந்த மாதிரி விளிம்பு வாங்கலாம்?

பதில்: பல் பல்லாக இடைவெளி விட்ட பிளேடு கான்கிரீட்டுக்கு. டைல்ஸ் பக்கம் அதைக் கொண்டுவராதீர்கள். இடைவெளி இல்லாத முழு விளிம்பு சுத்தமாக வெட்டும், ஆனால் நிதானமாகத்தான் போகும், தண்ணீரும் கேட்கும். டர்போ என்பது, முழு விளிம்பிலேயே வரிவரியாகப் பள்ளம் போட்டது, இரண்டுக்கும் நடுத்தரம். அதிலேயே விளிம்பில் வலை பின்னியது போலக் கோடு போட்ட மெல்லிய ரகம் ஒன்று உண்டு, 1.2 மி.மீ. கனத்தில்கூட வருகிறது. போர்சலினுக்கு என் கிரைண்டரில் மாட்டுவது அதைத்தான்.

ஆனால் பொரிவதில் பாதிக் குற்றம் பிளேடு மேல் இல்லை. ஒரே மூச்சில் ஆழமாக இறக்காதீர்கள். முகப்பை மேலே வைத்து, கோட்டின் மேல் முதலில் ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் கீறிக்கொண்டு போங்கள், அப்புறம் ஆழப்படுத்துங்கள். கடைசி ஐந்து சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்தி, எதிர்முனையிலிருந்து வாருங்கள். டைல்ஸுக்கு அடியில் முழுக்கத் தாங்கல் இருக்கட்டும். எல் வடிவ வெட்டு என்றால் மூலையில் முதலில் ஒரு துளை போட்டுவிடுங்கள், விரிசல் ஓடாது.

பிளேடு ஆடுகிறதா என்றும் பாருங்கள். 22.23 மி.மீ. துளை உள்ள பிளேடை 20 மி.மீ. அச்சு உள்ள மெஷினில், இடைவெளியை அடைக்கும் வளையம் போடாமல் மாட்டுகிறார்கள். அது நடுவில் உட்காராது, ஒரு பக்கம் தேயும், ஓரத்தைப் பொரித்துத் தள்ளும்.

கேள்வி: தண்ணீர் கட்டாயம் வேண்டுமா? நான் வைத்திருப்பது சாதாரணக் கைக் கிரைண்டர்.

பதில்: தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெஷின் என்றால் தண்ணீர்தான் சிறந்தது. சூடும் தணியும், தூசியும் அடங்கும். உங்கள் கிரைண்டர் அந்த ரகமில்லை. அதில் ஆளை விட்டு பாட்டிலால் ஊற்றச் சொல்லி வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதே எனக்குக் கை நடுங்கும். மின்சாரத்தோடு விளையாடாதீர்கள்.

உலர்வெட்டுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட பிளேடை மாட்டுங்கள். பத்துப் பதினைந்து விநாடி வெட்டியதும் வெளியே எடுத்து, காற்றில் சும்மா சுழல விடுங்கள். காற்றில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வைரமே கெட ஆரம்பிக்கும். நடுத்தகட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் தளர்ந்துவிட்டது, இனி நேராக ஓடாது. தூக்கிப் போடுங்கள்.

முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது வெறும் கண்துடைப்பு. டைல்ஸ் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது, சிலிக்கோசிஸ் என்ற நோய்க்கு அதுதான் காரணம். என்95 முகக்கவசமாவது போடுங்கள், திறந்தவெளியில் வெட்டுங்கள். கண்ணாடியும் வேண்டும்.

கேள்வி: மழுங்கிய பிளேடைத் திருப்பி மாட்டினால் வெட்டும் என்கிறார்களே?

பதில்: கொஞ்ச நேரம் வெட்டும். ஓடும் திசையில் ஒவ்வொரு வைர மணிக்குப் பின்னாலும் உலோகம் வால் போல நின்று முட்டுக்கொடுக்கும். திருப்பினால் அந்த முட்டு போய்விடும், மணிகள் சீக்கிரம் உதிரும். அம்புக்குறி காட்டும் பக்கமே மாட்டி, சிமெண்ட் கல்லில் கோடு இழுங்கள்.